அலுமாரியிடம் கேட்ட கேள்வி

என் மாமியார் என்னோடு பேசமாட்டார். சண்டை ஒன்றும் கிடையாது, எங்கள் குடும்பங்களில் அதுதான் வழக்கம். மருமகன் முன்னால் மாமியார் உட்காரக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது, பெயர் சொல்லவே கூடாது. பெரிய வீடு வாசல் உள்ளவர்கள் இதையெல்லாம் கௌரவமாகக் கடைப்பிடிக்கலாம். எங்கள் வீடு லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா. முன்னால் திண்ணை மாதிரி சின்ன இஸ்தோப்பு, நடுவில் ஓர் அறை, பின்னால் குசினி, அவ்வளவுதான். அதற்குள் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடுவதற்குத் தனித் திறமை வேண்டும். அவர் குசினியிலிருந்து வந்தால் நான் போனைப் பார்ப்பேன். நான் குசினிப் பக்கம் போனால் அவருக்கு அடுப்பில் ஏதாவது ஊத வேண்டியிருக்கும்.

மனைவி வீட்டில் இருந்தவரை சிரமம் தெரியவில்லை. "அவங்களச் சாப்பிட வரச் சொல்லுடி" என்பார் மாமியார், நான் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கும்போதே. மனைவி அதை எனக்குச் சொல்வாள், நான் அப்போதுதான் கேட்டவனைப் போல எழுந்திருப்பேன். லயத்தை விட்டு வெளியே போய்ச் சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்ற ஆசையில் அவள் வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். அவளுடைய இடத்துக்கு வீட்டுப் பூனை வந்தது. "சோறு ஆறிப்போச்சு, இன்னும் என்ன யோசனையாம்?" என்று மாமியார் பூனையைப் பார்த்துக் கேட்பார். பூனை என்னைப் பார்க்கும். நான் போய்ச் சாப்பிடுவேன். பூனைதான் உங்கள் வீட்டுக் கங்காணி என்று பக்கத்துக் காம்பராக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு பதுளை பசாரில் ஒரு புடவைக்கடையில் வேலை. கிழமை முழுக்கக் கடை மாடியில் படுத்துக்கொண்டு, சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் தோட்டத்துக்கு வந்து, திங்கள் காலை திரும்புவேன். மாமா இறந்து சில வருடங்கள் ஆகின்றன, மாமியாருக்கு ஒரே மகள், அதனால்தான் இந்தப் போக்குவரத்து. கடையில் நான் வாய்க்காரன். நாள் முழுக்கப் பெண்களிடம் உள்பாவாடை அளவு கேட்பேன், ரவிக்கைத் துணியைத் தோளில் போட்டுக் காட்டுவேன், சிங்களத்தில் கேலி பேசிப் பேரம் முடிப்பேன். எனக்குக் கூச்சமே கிடையாது என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார். நானும் அதை நம்பியிருந்தேன்.

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் தொடங்குகிறதா என்று முன்கூட்டியே பார்க்கிற ஒரு கிளினிக் உண்டு. சுவநாரி கிளினிக் என்பார்கள். முப்பத்தைந்து, நாற்பத்தைந்து வயதுப் பெண்களைக் கூப்பிடுவார்கள். குடும்பநல மாது லயம் லயமாக வந்து சொல்லிவிட்டுப் போவார். எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். மாமியாருக்கு நாற்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. "புருஷன் போய்ச் சேந்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு மிஸ்?" என்று கேட்டிருக்கிறார். மிஸ் விடவில்லை. கடைசியில் கொழுந்து எடுக்கிற பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டு, போய்விட்டு வந்தார்கள். இதெல்லாம் மனைவி குவைத்திலிருந்து போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கிளினிக்கில் என் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் கடையில் ஒரு பெண்ணுக்குச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது மிஸ் பேசினார். மாமியாரின் பரிசோதனை முடிவு சரியில்லை, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போக வேண்டும், பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம் என்றார். இரத்தம் ஏதும் போகிறதா, கிளினிக்கில் கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னார், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். "இல்லை மிஸ், அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

இந்த வியாதி எதனால் வருகிறது என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன். ஆண் பெண் உறவில் ஒட்டுகிற ஒரு கிருமி என்றார் மிஸ். போனை வைத்ததும் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. மாமாதான் போய்விட்டாரே, பின்னே எப்படி? ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. அதற்குள் மலையில் மாமியாரோடு வேலை செய்கிற ஆண்களின் முகங்கள் ஒன்றிரண்டு என் கண்முன் வந்து போய்விட்டன. அவர் பெற்று வளர்த்த மகளைக் கட்டிக்கொண்டு, அவரைப் பற்றியே இப்படி நினைத்தேன். இன்றும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அன்று இரவே மனைவியிடம் சொன்னேன். அழுதாள். பிறகு அம்மாவோடு பேசிவிட்டுத் திரும்ப எடுத்தாள்.

"நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

"லயத்துல யாராவது பொம்பளையக் கூட்டிட்டுப் போகச் சொல்லேன்."

"யாருக்கும் தெரியக் கூடாதுனு அம்மா சொல்லுது. தாலி இல்லாதவளுக்கு அந்த எடத்துல நோவுனா என்னென்ன பேசுவாங்கனு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். என் மனதிலேயே ஒருவன் பேசிவிட்டானே.

"அங்க எல்லாம் சிங்களத்துல கேப்பாங்க. அம்மாவுக்குக் கடையில சாமான் வாங்குற அளவுக்குத்தான் தெரியும். நீங்க சும்மா வெளிய நில்லுங்க, பேர் கூப்பிட்டா காட்டி விடுங்க. அது போதும்" என்றாள்.

குறித்த நாளுக்குக் கடையில் லீவு போட்டுவிட்டு, முதல்நாளே தோட்டத்துக்குப் போய், காலையில் அவரை அழைத்து வந்தேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. மாமியார் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து நின்று இரண்டு சீட்டையும் விட்டுக்கொடுத்தேன். அப்போதும் உட்காரவில்லை. மருமகன் நிற்கும்போது மாமியார் உட்காருவதா? வளைவுகளில் இரண்டு பேரும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தோம், சீட் காலியாகவே வந்தது. கொண்டக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தான். "உக்காரச் சொன்னா உக்காரவும் மாட்டாங்க, எறங்கவும் மாட்டாங்க" என்று சிங்களத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். பசறையில் ஒரு குடும்பம் ஏறி அந்த சீட்டை எடுத்துக்கொண்டது, அதன் பிறகுதான் எங்களுக்கு நிம்மதி.

ஆஸ்பத்திரியில் அந்த அறைக்கு வெளியே உட்காரும் வாங்குகள் நிறையப் பெண்கள். ஆண் என்று நான் ஒருவன்தான். கிளினிக் துண்டுச் சீட்டை வாங்கிப் பார்த்த பெண் என்னிடம் அம்மாவா என்று சிங்களத்தில் கேட்டாள். மாமியார் என்று சொன்னால் மகள் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். ஆமாம் என்று தலையாட்டினேன். சுவர் ஓரமாக, எல்லோருக்கும் முதுகு காட்டி நின்று, சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நோட்டீஸை வாசித்தேன். நுளம்பைப் பற்றி அன்றைக்குத் தெரிந்துகொண்டதைப் போல வேறு என்றைக்கும் தெரிந்துகொண்டதில்லை.

மாமியாரின் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார். நான் மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, "இந்த அம்மாவோடு வந்த மகன் யார்?" என்று உரக்கக் கேட்டார். தமிழ் தெரிந்த நர்ஸ் அன்றைக்கு வேறு வார்டில் இருந்தாராம். டொக்டருக்குக் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. வாங்கிலிருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டொக்டர் ஒரு பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். மாமியார் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் ஒன்றில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். நர்ஸ் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். மறுபடியும் எழுந்தார். அவர் எழுவதும் நர்ஸ் அமுக்குவதுமாக இருந்தது. அறையில் வேறு எங்கே நிற்பதென்று தெரியாமல் நான் ஓர் இரும்பு அலுமாரியின் பக்கம் ஒதுங்கினேன். நான் அதைப் பார்த்துத் திரும்பி நின்றதும் மாமியார் உட்கார்ந்துவிட்டார். டொக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் கேள்வியை ஆரம்பித்தார்.

எத்தனை பிள்ளைகள் என்பது முதல் கேள்வி. எனக்குத் தெரியுமே என்று நானே ஒன்று என்றேன். "அவரிடம் கேளுங்கள்" என்றார் டொக்டர். கேட்டேன். நாலு என்றார் மாமியார். மூன்று தங்கவில்லையாம். நான் நாலு என்று மாற்றிச் சொன்னேன். அதுவே எனக்கு எட்டாத செய்தி.

அடுத்து வந்தவைதான் தலை போகிற கேள்விகள். மாத விலக்கு ஒழுங்காக வருகிறதா, இடையில் இரத்தம் போகிறதா, கணவரோடு சேர்ந்திருந்த காலத்தில் சேர்க்கைக்குப் பிறகு இரத்தம் பட்டதுண்டா, இப்போது அப்படி உறவு ஏதும் உண்டா. அரிசி விலை கேட்பது மாதிரி அவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். என் சிங்களம் கடைச் சிங்களம்தான், என்றாலும் புரிந்தது. புரிந்ததுதான் வினை. அதைத் தமிழில் சொல்ல என்னிடம் இரண்டு விதமான வார்த்தைகள்தான் இருந்தன. ஒன்று கடைப் பையன்கள் மாடியில் பேசுகிறவை. இன்னொன்று ரேடியோவில் வாசிக்கிறவை. முதலாவதைச் சொல்வதைவிட நாக்கை அறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது அவருக்குப் புரியாது.

"ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதானு கேக்குறாங்க" என்றேன்.

"ஒன்னுமில்லனு சொல்லுங்க" என்றார் மாமியார், நர்ஸைப் பார்த்து.

ஒன்றும் இல்லையாம் என்று டொக்டரிடம் சொன்னேன்.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் இவ்வளவு நேரம் கேட்டது உங்கள் தமிழில் இவ்வளவு சின்னதாகிவிடுமா?" என்றார். "உங்கள் அம்மாதானே. வெட்கப்படுகிறீர்கள், தெரிகிறது. ஆனால் அவர் சொல்லப்போவதை வைத்துத்தான் நான் இன்று என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டும். இல்லை என்றால் ஒரு வழி, ஆம் என்றால் இன்னொரு வழி."

என் முகம் காது வரைக்கும் எரிந்தது. அம்மா இல்லை, மாமியார், எங்களுக்குள் பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடினால் அந்த 'இல்லை' அப்படியே எழுதப்படும். மனைவி அங்கே யாரோ ஒருத்தி வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டு என் போனுக்குக் காத்திருப்பாள். என்னவோ ஒரு துணிச்சலில், அலுமாரியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் பூனைக்குச் சொல்வது போல, யாருக்கும் சொல்லாதது போலச் சொன்னேன்.

"டொக்டரம்மா கேக்குறாங்க. தீட்டு நாள் இல்லாத நேரத்துலயும் ரத்தம் படுதானு. மாமா இருந்த காலத்துல, சேந்திருந்த பொறகு பட்டுச்சானு. இப்ப யார்கூடவும் அப்படி உண்டானு. எல்லார்கிட்டயும் இதத்தான் கேக்குறாங்களாம்."

அலுமாரி சும்மா இருந்தது. பின்னால் மாமியாரின் ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து போய்விட்டாரோ என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்க எனக்கு முடியவில்லை.

"அப்பிடி ஒருத்தரும் இல்லைங்க நர்சம்மா" என்று கேட்டது. அவர் தமிழ் தெரியாத அந்த நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். "சத்தியமா இல்லைங்க. ரத்தம் படுதுங்க. போன தீபாவளிக்கு முன்னாடி இருந்து. நிக்கிறதே இல்லைங்க. மலையில படங்கக் கட்டிக்கிட்டு நிக்கிறதால யாருக்கும் தெரியாதுங்க. நாத்தமும் இருக்குங்க. அதான் நான் சாமி வெளக்கத் தொடுறதில்ல. உள்ள படுக்குறதும் இல்ல."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். நான் அலுமாரியைப் பார்த்தபடியே ஒவ்வொன்றையும் சிங்களத்தில் சொன்னேன்.

படங்கு என்பது கொழுந்து எடுக்கிறவர்கள் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக்கொள்கிற தடித்த துணி. அதைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்காக மலையில் நின்றிருக்கிறார். சனிக்கிழமை நான் வந்ததும் பூனையிடம், வெளக்கேத்தச் சொல்லு என்பார். பஸ்ஸில் நசுங்கி வந்தவனுக்கு இதுவும் வேலையா என்று முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுவேன். குளிர் காலத்தில் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுத்தார். நான் வந்து தங்குவது பிடிக்கவில்லை என்பதைத்தான் இப்படிக் காட்டுகிறார் என்று மனைவியிடம் கோள் சொல்லியிருக்கிறேன். பேசாமல் இருப்பது மரியாதை என்று இரண்டு பேரும் மரியாதையாக இருந்தோம், அந்த மரியாதைக்குப் பின்னால் ஒருவருக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது.

டொக்டர் எழுதி முடித்துவிட்டு, இன்றைக்கே உள்ளே பார்த்து ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். திரையை இழுத்துவிட்டு மாமியாரைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். "போகாதீர்கள். நான் சொல்வதைச் சொல்லுங்கள்" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பாவாடையைத் தூக்கச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். முழங்காலை மடித்து விரிக்கச் சொல்லுங்கள் என்றார். நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். இரண்டாவது தடவை கேட்டார். சொன்னேன். இறுக்கிப் பிடிக்க வேண்டாம், வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள் என்றார். அதையும் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சத்தம் கேட்டது, பிறகு மாமியார் பல்லைக் கடிக்கிற சத்தம். "அத்தை, மூச்சு விடுங்க. இப்ப முடிஞ்சிரும்" என்றேன். இதை டொக்டர் சொல்லவில்லை. அவரை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் மூச்சு விட்டது கேட்டது.

கை கழுவிக்கொண்டே டொக்டர் சொன்னார்: "இந்தக் கிருமி ஏறக்குறைய எல்லோருக்கும் எப்போதாவது தொற்றும். வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்கும். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொல்லுங்கள்." அதை ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல் சொன்னேன். அவருக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா தெரியாது. வாசல் வரை வந்து டொக்டர் என் தோளில் தட்டி, நல்ல மகன் என்றார். நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

திரும்பும்போது அவரை லுணுகலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன். அவர் முன்னால், நான் பின்னால். ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி யார் யார் கையிலோ கொடுத்து முன்னால் அனுப்பினேன். குடித்தார் போலிருக்கிறது.

வீட்டில் மனைவியின் அழைப்பு வந்தது. மாமியாருக்கு போனைக் காதில் வைத்துப் பேச வராது, ஸ்பீக்கரில்தான் போடுவார். நான் இஸ்தோப்பில் இருந்தேன்.

"யாரும்மா ஒங்கிட்ட கேட்டாங்க? தமிழ் தெரிஞ்சவங்க இருந்தாங்களா?"

நான் செருப்பைத் தேடினேன்.

"இருந்தாங்கடி. ஒரு நர்சம்மா. தமிழ் தெரிஞ்சவங்க" என்றார் மாமியார், கொஞ்சமும் தடுமாறாமல்.

"அவரு?"

"அவங்க வெளியில நின்னாங்க."

"நல்லவேளை. அவர உள்ள கூப்பிட்டிருந்தா நீ செத்தே போயிருப்பம்மா" என்றாள் என் மனைவி. பிறகு நான் பேசினேன். ஆமாம், வெளியில்தான் நின்றேன் என்றேன். கட்டிய நாளிலிருந்து நான் அவளிடம் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் நானும் மாமியாரும் சேர்ந்து சொன்னது.

சில வாரங்கள் கழித்து முடிவு வாங்கப் போனோம். மறுபடியும் அதே டொக்டர், அதே அலுமாரி. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், தாமதிக்கக் கூடாது, அடுத்த மாதமே ஆபரேஷன் என்றார். நான் சொன்னேன். மாமியார் நர்ஸிடம், "செய்யச் சொல்லுங்க" என்றார்.

அன்று மாலை மனைவி நிறைய அழுதாள். லீவு கேட்டும் கிடைக்கவில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் இருக்க வேண்டும், யார் பார்த்துக்கொள்வார்கள், வலிக்கிறதென்று சொல்லக்கூட அம்மாவுக்குச் சிங்களம் தெரியாதே என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் குசினி வாசலில் நின்றிருந்தேன், மாமியார் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நிற்பது தெரிந்தும் எழவில்லை. போன் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் கிடந்தது.

"அன்னைக்கும் அந்த நர்சம்மா இருப்பாங்களாம்மா?" என்று கேட்டாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இருப்பாங்கடி" என்றார் மாமியார். "ரொம்பக் கூச்சப்படுறவங்க, பாவம். ஆனா விட்டுட்டுப் போக மாட்டாங்க. அவங்க இருந்தா எனக்குப் பயமில்ல."